வியாழக்கிழமை போட்டிருக்க வேண்டிய மனு

என் கட்சிக்காரர் ஒருவர் வெளியே வந்திருக்க வேண்டிய நாளில் வெளியே வரவில்லை. அதற்கு நான்தான் காரணம். ஆனால் போலீஸ் முந்திக்கொண்டது என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அது பொய்.

நான் ஸ்ரீமுஷ்ணத்துக்காரன். கிரிமினல் வக்கீல். கைதானவரின் உரிமைகளைப் பற்றி மேடையில் பேசப் பிடிக்கும். 2021-இல் 'ஜெய் பீம்' படம் வந்த பிறகு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசினேன். அந்தப் படத்துக்கு அடிப்படையான, 1993-இல் பக்கத்துக் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாக்கண்ணுவின் கதையைச் சொல்வேன். அந்த வழக்கில் வக்கீல் சந்துரு போட்ட ஆட்கொணர்வு மனுவைச் சொல்வேன். கைதட்டுவார்கள். கொஞ்ச நாளில் அந்த வழக்கையே நான் நடத்திய மாதிரி எனக்குள் ஒரு மிதப்பு வந்துவிட்டது.

2023 கடைசியில் இந்த வழக்கு வந்தது. அவர் விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை செய்தவர். இரவில் பூட்டை உடைத்து வீடு புகுந்து திருடியதாகக் கேஸ். கடலூர் கேப்பர் மலை ஜெயிலில் வைத்தார்கள். இந்த மாதிரி வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டாக வேண்டும். போடாவிட்டால் குற்றம் பெரிதா சிறிதா என்று பார்க்காமல் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2). இப்போது புதுச் சட்டத்தில் 187. எண் மாறியது, கணக்கு மாறவில்லை. கொரோனாவைக் காட்டிக்கூட இந்த உரிமையைத் தள்ளிப்போட முடியாது என்று 2020 ஜூன் 19-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் சமயநல்லூர் போலீஸ் போட்ட வழக்கில்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும்.

ரிமாண்ட் ஆன நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது என் பழக்கம். டயரியில் வெள்ளிக்கிழமையைக் குறித்துவைத்திருந்தேன். ஆனால் 2023 மார்ச் 27-இல் கபில் வாதவன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று தீர்த்துச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை நான் படிக்கவில்லை. என் ஜூனியர் படித்திருந்தாள்.

புதன் சாயங்காலம் ஆபீஸில் வந்து நின்றாள். கையில் டைப் அடித்த மனு. "சார், 60 நாள் இன்னையோட முடியுது. காலையில முதல் வேலையா இதைப் போட்டுடலாமா?"

குமாஸ்தா பார்த்துக்கொண்டிருந்தார். வேறு இரண்டு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு சின்னப் பெண் எனக்கு நாள் எண்ணிக் காட்டுவதா என்று தோன்றியது. "நான் நாள் எண்ணக் கத்துக்கிட்டப்போ நீ பொறந்திருக்கவே மாட்டே" என்றேன். குமாஸ்தா சிரித்தார். அவள் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவள் சொன்னது சரியாக இருக்குமோ என்ற சந்தேகம் அன்றிரவே வந்தது. இதையும் மறைக்கக் கூடாது. போனில் தேடினால் தெரிந்திருக்கும். தேடவில்லை. தேடி, அவள் சொன்னதே சரி என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

வியாழன் பகல் முழுக்க அதே கோர்ட் வளாகத்தில்தான் இருந்தேன். ஒரு சிவில் வாய்தா முடித்தேன். டீ குடித்தேன். இந்த ஜாமீனை வாயால் கேட்டாலே போதும், எழுத்தில் மனுகூட வேண்டாம் என்று ராகேஷ் குமார் பால் வழக்கில் 2017-லேயே சொல்லிவிட்டார்கள். பத்தடி நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெள்ளி காலை மனுவோடு போனபோது, "நேத்து மத்தியானமே சார்ஜ்ஷீட் வந்துடுச்சு சார்" என்றார்கள். ஜூனியர் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

பழைய கேஸ் ஒன்றைக் காட்டி செஷன்ஸில் ஜாமீனைத் தள்ளுபடி செய்தார்கள். ஹைகோர்ட்டில் ஜாமீன் வாங்கி அவர் வெளியே வருவதற்குள் மேலும் மூன்றரை மாதம் ஓடிவிட்டது. சூளையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை நின்றது. குழுப் பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அவள் பிறகு பள்ளிக்கூடம் திரும்பவில்லை.

விசாரணையில் அவருக்கு விடுதலை கிடைத்தது. பறிமுதல் மகஜரில் ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்று குறுக்கு விசாரணையில் சாட்சியே ஒத்துக்கொண்டார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கட்சிக்காரர் என் காலில் விழப் போனார். தடுத்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

போன மாதம்தான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை, ஜூனியர் கையில் இருந்த மனு, எல்லாவற்றையும். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கே வந்திருந்தா பாப்பா படிச்சிருக்கும், இல்லீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

வாங்கிய ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுத்தார். அவர் மனைவி கை நீட்டி வாங்கினார். ஒவ்வொரு நோட்டாக எண்ணிப் பார்த்துவிட்டு, குழுக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது என்றார்.