20 ரூபாய்த் தாள்

தேவாரத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்டு, விடுதலை, அடமானம் என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் கைமாறிய கதையில் பாதி என் மேசையில்தான் எழுதப்பட்டது. அதுபோக, பதிவு ஆபீசுக்கே போகாத தாள்கள் சிலவும் எழுதியிருக்கிறேன். புருசன் பொண்டாட்டி சண்டை தெருவுக்கு வந்து, பெரிய மனுசர்கள் கூடி உட்கார்ந்து பேசி முடிந்ததும் யாராவது ஒருவர் "எழுதி வாங்கிருங்கப்பா" என்பார். ஓர் ஆள் ஓடிப்போய் 20 ரூபாய் முத்திரைத்தாள் வாங்கி வருவார். எழுதுவது நான். "எத்தனையோ குடும்பத்தைச் சேத்து வச்ச மனுசன்" என்று எனக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. அதைக் கேட்டால் உச்சி குளிரும்.

அந்தத் தாளுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதில்லை இது, எழுதிய அன்றே தெரியும். அசோகச் சின்னம் போட்ட தாளில் "இனிமேல் கை நீட்ட மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுவாரமே ஒருவன் கை நீட்டினால், அந்தத் தாளை வைத்து அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. முடிவதெல்லாம் இன்னொரு தாள் வாங்கி இன்னொரு தடவை எழுதுவதுதான். அதற்கும் எனக்குக் கூலி உண்டு.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஊரும் பேரும் இல்லாமல். எங்கள் தெருவில் பிறந்தவள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். கட்டிக்கொடுத்தது பக்கத்து ஊரில். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் காயெடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வருகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கட்டியவன் குடிக்க மாட்டான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பேச்சுவார்த்தைகளுக்குக் குடி ஒரு பெரிய வசதி. "குடிச்சாத்தான் அப்படி, மத்தபடி தங்கமான பையன்" என்று முடித்துவிடலாம். "இனி மது அருந்த மாட்டேன்" என்ற வரி என் மாதிரித் தாளில் எப்போதும் தயாராக இருக்கும். இவன் விஷயத்தில் அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று. குடிக்காதவன் அடிக்கிறான் என்றால் தப்பு இவள் பக்கம்தான் இருக்கும் என்று கூடியிருந்தவர்களுக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது.

பேச்சு நடந்த திண்ணையில் அவள் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளுக்காகப் பேசியது அவள் அண்ணன். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தைத் தொடங்கியதற்கு இதுதான் காரணம்: பெண்ணின் வழக்கை அந்தப் பெண் இல்லாமலே ஆண்கள் பேசி முடித்துக்கொண்டிருந்தார்கள். தீபா தன்ராஜ் 2011இல் அந்தப் பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அது அவர்கள் ஊர்ச் சங்கதி என்று எங்கள் ஆட்கள் சொல்லக்கூடும். எங்கள் திண்ணைக்கு ஜமாத் என்று பேரில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நான் கூப்பிட்டா வரணும், அதையும் எழுதுங்க" என்றான் அவன். சிலர் சிரித்தார்கள். "அதெல்லாமா எழுதுவாக" என்று ஒரு பெரியவர் சிரிப்போடே அதட்டினார். நான் சிரிக்கவில்லை, தொழில் புத்தி வேலை செய்தது. "மனைவிக்குரிய கடமைகளில் யாதொரு குறையும் வைக்காமல், கணவர் மனம் கோணாது நடந்துகொள்வேன்" என்று அவளே சொல்வதுபோல அழகாக எழுதினேன். அவள் தோளில் இருந்த காயம் எப்படி வந்தது என்று திண்ணையில் யாரும் கேட்கவில்லை. ராத்திரி மாட்டேன் என்று சொன்னதற்குக் கிடைத்தது அது என்று என் வீட்டுக்காரி அன்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். தெரிந்தேதான் எழுதினேன். மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால், கணவன் வற்புறுத்துவது இந்த நாட்டுக் குற்றச் சட்டத்தில் இன்றைக்கும் பலாத்காரம் ஆகாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது. ஆனால் 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது. ஒரு சட்டம் திறந்து வைத்த கதவை என் ஒற்றை வரி சாத்தியது.

இன்னொரு வரியும் உண்டு. "என் பேரிலும் தவறுகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்." தராசு இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினார்கள். நிறுத்திக் கொடுத்தேன்.

கிரயப் பத்திரம் என்றால் கடைசி வரி வரை எழுதிக்கொடுப்பவருக்குப் படித்துக் காட்டுவேன். சர்வே நம்பர், நான்கெல்லை, கிணற்றில் பாத்தியம், தண்ணீர் முறை எல்லாம். வரப்பில் நின்ற ஒரு தென்னை யாருக்கு என்று தகராறு வந்து, முழுப் பத்திரத்தையும் மறுபடி அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. தாளை மடித்து, கையெழுத்துப் போடவேண்டிய இடம் மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, கதவிடுக்கில் நீட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். தாள் திரும்பி வந்தபோது மடிப்பு மடிப்பாகவே இருந்தது.

அவன் அந்த வருசமே மறுபடி அடித்தான். மறுபடி எழுதினோம். பழைய தாளைப் பார்த்து அப்படியே.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால், அடி உதையோ பாலியல் கொடுமையோ பட்ட பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்டதில்லை, வெளியே சொன்னதும் இல்லை. என் மேசை வரைக்கும் வந்தவர்கள் மிச்சமிருந்த அந்தக் கொஞ்சப் பேர். பயத்தை விழுங்கி வாய் திறந்தவர்களைத்தான் கையில் தாளைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த இன்னொன்றுதான் என்னை அதிகமாக அரிக்கிறது. அவள் கல்யாணம் முடிந்த சில மாதங்களில், அவளுடைய அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். பதினெட்டாம் கால்வாய்த் தண்ணீரை நம்பி நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். பூர்வீகச் சொத்தில் பெண்பிள்ளைக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது, நாடு முழுமைக்கும் 2005இல். என் கடையில் அதனால் கூடியது விடுதலைப் பத்திர வேலைதான். பங்கு இருக்கிறது என்று சட்டம் சொன்ன பிறகு, அதை எழுதி வாங்காமல் தம்பிமார் விற்கவோ அடகு வைக்கவோ முடியாதே. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வையும் குறைவு, மதிப்பில் நூற்றுக்கு 1 ரூபாய், அதற்கும் ஓர் உச்சவரம்பு. கூடப்பிறந்தவளை வண்டி வைத்துக் கூட்டி வருவார்கள். கையெழுத்து முடிந்ததும் ஓட்டல் சாப்பாடு, ஒரு சேலை. "எனது திருமணத்துக்குச் செய்த சீர்வரிசையைக் கருதி" என்று ஆரம்பித்து, "இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று முடிப்போம். இந்த வரி எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

அன்றைக்கு அவளுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். சொத்து விஷயம் அல்லவா. கேட்டு முடித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டுட்டா இங்கன வந்து போகலாம்ல பெரியப்பா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். "ஏ கழுத, இது ஒன் வீடுத்தா" என்றான் அண்ணன். அவன் அதை மனதாரச் சொன்னான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தப் பேச்சை ஒரு வரியாகப் பத்திரத்தில் சேர்க்க எனக்குத் தெரியும். சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கும் அம்மாமார்களுக்காக, "ஆயுட்காலம் வரை குடியிருந்து அனுபவித்துக்கொள்ளும் உரிமை" என்று எத்தனையோ பத்திரங்களில் எழுதியிருக்கிறேன். மகளுக்கு அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானாக எடுத்துச் சொன்னதும் இல்லை.

வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளைக் கதவைச் சாத்தி விரட்டினாள் அண்ணி என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகூடக் கதை சொல்லும். கிழவிகள் இன்றும் அந்த அண்ணி மூளி அலங்காரியைத்தான் வைகிறார்கள். அந்த வீட்டில் நல்லதங்காளுக்கு என்ன பங்கு இருந்தது என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. பத்திரம் எழுதுகிறவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

தோள் காயத்தோடு அவள் பிறந்த வீட்டுக்கு வந்தபோது மூன்று நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் திண்ணை கூடியது. போக இடமில்லாதவளுக்குத்தான் என் 20 ரூபாய்த் தாள் தேவைப்பட்டது. அந்த இடத்தைப் பிடுங்கிய பத்திரமும் என் எழுத்துதான்.

அவளுக்கு உதவியவர்கள் ஜீப்பில் கூடப் போன பெண்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. ரேசன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு, தனியாக இருந்த ஓர் அக்கா வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார்கள். வாரச் சம்பளத்தில் ஒரு பகுதியை அந்த அக்காவே பிடித்து வைத்துக்கொள்வார். புருசனிடம் "இந்த வாரம் வேலை கம்மி" என்று சொல்ல வேண்டும். ஜீப்பில் இருந்த எல்லாரும் அதே பொய்யை அவரவர் வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள், கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று. ஒருத்தியின் மகள் 181க்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறாள், 2018 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய எண் அது. ஒரு சாயங்காலம் அவள் தன் ஊர் நிறுத்தத்தில் இறங்கவில்லை. பிள்ளைகளை ஏற்கெனவே கூட்டி வந்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வீடு மாற்றி வீடு, அந்தந்த வீட்டு ஆம்பளைகளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே. அதில் ஒரு ராத்திரி என் வீடு. நான் மதுரையில் ஒரு விசேசத்துக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரி இதை என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து. "ஒங்ககிட்ட சொன்னா எழுதி வாங்கிருவீக" என்றாள்.

மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுத, உத்தமபாளையம் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். வக்கீல் இலவசம். 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண் என்றாலே போதும், வருமானம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. எங்கள் தெருவில் நடந்த முகாமிலேயே இதைச் சொன்னார்கள். நாற்காலி எடுத்துப் போட்டது நான்.

புருசன் தரப்பில் என் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மதிப்பே இல்லை என்று நான் சொன்ன தாள் அவனைக் கட்டுப்படுத்த உதவவில்லை, அவள்மேல் எறிய உதவியது. தப்பு உண்டு என்று அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாளே.

அவள் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இத எனக்குப் படிச்சுக் காட்டலன்னு மட்டும் வந்து சொல்லுங்க பெரியப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

"பழசு தாயி. ஞாபகம் இல்லையே" என்றேன்.

மடிப்பு வரைக்கும் ஞாபகம் இருந்தது. அண்ணன் தம்பிகள் அந்த மாதம் ஒரு கிரயத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள், அது ஒரு காரணம். திண்ணைப் பெரியவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பது இன்னொன்று. அதையெல்லாம்விட, எழுதிய தாளைப் படித்துக் காட்டவில்லை என்று ஒரு பத்திர எழுத்தன் கோர்ட்டில் சொன்னால், அவன் எழுதிய மற்ற பத்திரங்களையும் நாளைக்கு நாலு பேர் கிளறுவார்கள். தொழில் போய்விடும். அந்தப் பெண்ணின் உயிரையும் என் கடையையும் ஒரு நிமிசத்துக்குள் எடை போட்டுவிட்டேன். சாட்சிக்கூண்டு வேண்டாம், அதற்கு முன்னாலாவது பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வன்முறை நடக்கிறது என்று நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர்மேல் எந்தப் பழியும் வராது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவு நம்பர் தெரிந்து வைத்திருந்தேன். போன் செய்யவில்லை.

அவள் ஜெயித்தாள், நான் இல்லாமலே. ஜீப்பிலிருந்து இரண்டு பெண்கள் கூலியை விட்டுவிட்டுப் போய்ச் சொன்னார்கள். மாதச் செலவுக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவு கிடைத்தது. இந்தத் தாளை மீறினால் 1 வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். பணம் சில மாதம் தாமதமாகிறது, ஆனால் அவன் அவள் வாசலுக்கு வருவதில்லை. இப்போது வாடகை வீட்டில் இருக்கிறாள். மலைக்குப் போய் வருகிறாள். எதிர்ப்பட்டால் தலையாட்டுவாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் "பரவால்ல பெரியப்பா" என்று சொல்லிவிடுவாள், அது எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விடும்.

விடுதலைப் பத்திரத்துக்கு வருகிற வீட்டாரிடம் இப்போது குடியிருப்பு உரிமை வரியைச் சேர்க்கலாமா என்று கேட்கிறேன். ஒரு குடும்பம் சேர்த்தது. சிலர் முகம் சுளித்து எழுந்து போனார்கள். சமாதானத் தாள் எழுதுவதை விட்டுவிட்டேன். ஊரில் அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை, இரண்டு கடை தள்ளி எழுதுகிறார்கள். என்னிடம் வருகிற ஆளுக்கு அந்தக் கடை எது என்று காட்டியும் விட்டிருக்கிறேன், போன மாதம்கூட. 2024இல் தீர்வை ஏற்றிய பிறகு 20 ரூபாய்த் தாள் போதாதாம், 200 ரூபாய்த் தாள் வேண்டும் என்று கேட்கிறார்களாம்.