எஞ்சினுக்குக் கடைசி இடம்

ஆயுத பூஜைக்கு ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும்போல என் காருக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. வருடாந்திர வேலை மட்டும் அன்றைக்குக் கிடையாது. அது தை பிறந்த பிறகுதான். மழை ஓய்ந்து ஷெட்டின் ஈரம் வற்றும்போது, எந்த மூலையில் துரு பிடித்திருக்கிறது என்று இரும்பே காட்டிக்கொடுத்துவிடும்.

கார் நானே கட்டியது. இரண்டு சீட்டு, சதுரக் குழாயில் பற்றவைத்த சேஸிஸ், மேலே ஃபைபர் உடம்பு. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின் கியர்பாக்ஸோடு அப்படியே சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மாருதி பாகங்களை நம்பியதற்குக் கோவை கரிவரதன்தான் காரணம். அதே 800-இன் பாகங்களை வைத்து அவர் வடிவமைத்த ஒற்றை சீட்டு ரேஸ் காரில்தான் நரேன் கார்த்திகேயன் தலைமுறை ஓட்டிப் பழகியது. செட்டிபாளையம் டிராக் இன்றைக்கும் கரிவரதன் பெயரில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1957-இல் வந்த லோட்டஸ் செவனை உதிரிப் பெட்டிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டினால் அந்தக் காலத்தில் கொள்முதல் வரி கிடையாது. அதனால் வீட்டில் கார் கட்டுவது அங்கே ஒரு பழக்கமாகவே வேர்விட்டது. இங்கே கதை வேறு. கம்பெனி தந்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டிக்குப் பதிவு கிடையாது என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்திவிட்டது. அதனால் என் கார் ரோட்டில் ஓடாது. மினி லாரியில் ஏறி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகும், வரும்.

ஷெட்டை விட்டு வெளியே தள்ளுவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். காலையில் எங்கள் ஆரணித் தெருவில் நெசவாளர்கள் பாவு நீட்டியிருப்பார்கள். பட்டு இழையில் ஒரு சொட்டு ஆயில் பட்டால் சேலையே வீண். அவர்கள் பாவைச் சுருட்டும்வரை எனக்குக் காருக்கு அடியில்தான் வேலை. அதுவும் நல்லதுதான்; பார்க்க வேண்டியதெல்லாம் அடியில்தான் இருக்கிறது.

இந்த வேலையில் என் வரிசை பலருக்குத் தலைகீழாகத் தெரியும். கார் என்றதும் எல்லோரும் எஞ்சினைத் திறப்பார்கள். நான் எஞ்சினைக் கடைசியில்தான் தொடுவேன். அதை ஒரு கம்பெனி லட்சக்கணக்கில் செய்து, நாடு முழுக்க ஓடவிட்டு, குறையையெல்லாம் கண்டுபிடித்துவிட்டது. எப்போது பெல்ட் மாற்றணும், எவ்வளவு இடைவெளியில் டேப்பட் வைக்கணும் என்று கையேடே இருக்கிறது. நான் வைத்த பிராக்கெட்டுக்கு எந்தக் கையேடும் இல்லை. ஆகவே சந்தேகம் முதலில் என் கை பட்ட இடத்தின் மேல்.

அதில் முதல் இடம் பின்சக்கரத்துக்கு. 800-இல் முன்சக்கரத்தைத் திருப்பும் டை ராடு, எஞ்சினோடு சேர்ந்து என் காரில் பின்னால் வந்துவிட்டது. பின்சக்கரம் திரும்பக்கூடாது என்பதால் ராடின் உள்முனையைச் சேஸிஸில் ஒரு பிராக்கெட்டில் கட்டிப்போட்டிருக்கிறேன். அந்தப் பிராக்கெட் விட்டால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். வேகமான வளைவில் அப்படி ஆனால் ஓட்டுபவனால் எதுவும் செய்ய முடியாது.

விரிசல் பார்க்க இப்போது ஸ்பிரே டப்பாக்கள் கிடைக்கின்றன. எனக்கு ரயில்வே பட்டறைகளின் பழைய முறையே போதும். பெயிண்டைச் சுரண்டி, பற்றவைத்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெயில் கரைத்த ஆயிலைத் தடவி ஊறவிடுவேன். பிறகு துளி ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியை மெல்லப் பூசுவேன். மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ளே போன ஆயில் கசிந்து ஏறி, வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு பெரும்பாலும் பற்றின் நடுவில் விழாது. பற்று முடிந்து குழாய் தொடங்கும் ஓரத்தில்தான் விழும். சூடு பட்டு இரும்பின் குணம் மாறுவதும், அதிர்வு வந்து குவிவதும் அங்கேதான். கோடு விழுந்தால் அதன்மேல் இன்னொரு பற்று வைக்கக்கூடாது. பிராக்கெட்டை அறுத்துப் போட்டுவிட்டு, ஏன் விட்டது என்று யோசித்துப் புதிதாகச் செய்ய வேண்டும். வெறும் ஒட்டுவேலை பார்ப்பவன் அதே கோட்டை அடுத்த தையிலும் பார்ப்பான்.

அடுத்து பிரேக் ஆயில். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 தரத்துக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும் என்கிறது அதே தரம். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் மிதிக்கும் சூட்டில், குழாய்க்குள் ஆவி உண்டானால் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

பெட்ரோல் குழாய்களுக்கு முன்பெல்லாம் இவ்வளவு கவனம் தந்ததில்லை. பங்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், காய்ந்தால் வெடிக்கும். குழாயை வளைத்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் எத்தனாலுக்கு ஏற்ற குழாயாக மாற்றிவிடுவேன். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காரில் இதற்குச் சிக்கனம் பார்க்கக்கூடாது. ஒயரிங்கையும் விரலால் தடவிப் பார்ப்பேன். ஆரணி அரிசிக்கும் பேர்போன ஊர். எலிக்குக் கேட்கவா வேண்டும்!

ரேடியேட்டர் மூக்கில் இருக்கிறது, எஞ்சின் வாலில். தண்ணீர் மாற்றினால் இடையிலுள்ள நீளக் குழாய்களில் காற்று தங்கிவிடும். முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ரேடியேட்டர் மூடியே எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி வைத்து, குமிழி நிற்கும்வரை ஊற்ற வேண்டும்.

எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் முறுக்கியதும் போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போடுவேன். போல்ட் அசைந்தால் கோடு உடையும். வருஷத்துக்கு ஒரு நிறம். இல்லாவிட்டால் போன வருஷக் கோட்டைப் பார்த்து, இந்த வருஷமும் முறுக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். இந்த முறை மஞ்சள்.

பிறகுதான் எஞ்சின். ஆயில், ஃபில்டர், பிளக், டேப்பட், பெல்ட். அரை நாள் வேலை. டிராக்கில் முதல் சில சுற்றை மெதுவாக ஓட்டி, பிட்டில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றியதும் காருக்கு அடியில் படுத்து மஞ்சள் கோடுகளைப் பார்க்க வேண்டும். சூடு ஏறி இறங்கியதும் முதலில் தளர்வது டை ராடு பிராக்கெட்டின் போல்ட்தான்.