மயிரிழை இடைவெளி

இரு பொருள்கள் நெருங்கிப் பொருந்துதலே உறுதி என்பது பலர் கருத்து. பொறியியலோ, பொருந்தும் இரண்டனுக்கும் இடையே அளந்து விடப்படும் வெளியையே உறுதி என்கிறது. ஏட்டில் மட்டும் கேட்டிருந்த இவ்வுண்மையைச் சென்ற விடுமுறையில் மீஞ்சூர்ப் பட்டறை ஒன்றில் யாம் நேரிற் கண்டோம்.

எம் சிற்றப்பாவின் அம்பாசடர் வண்டி திருமணங்களுக்கு வாடகைக்குச் செல்வது. எம் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கும் அதன் வருவாயே. அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டமையால், புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் அலைந்து, பிறர் செய்து விற்கும் பிஸ்டன்களையும் ரிங்குகளையும் வாங்கி வந்தார். மூன்றாம் நாள் ஒரு திருமணம், முன்பணமும் பெற்றாயிற்று.

"பாய், புதிய ரிங்தானே! அப்படியே மாட்டிவிடக் கூடாதா?" என்றார் சிற்றப்பா.

"மாட்டலாம் அண்ணே, பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவழியில் இறங்கி நடப்பார்கள்" என்றார் மெக்கானிக்.

பின்னர் அவர் ஒரு ரிங்கைச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதனைச் சமமாகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே பில்லர் கேஜின் தகட்டைச் செலுத்தினார். அவ்வெஞ்சினின் துளை விட்டம் ஏறக்குறைய 73 மில்லிமீட்டர். அதற்கு முனையிடைவெளி 0.3 மில்லிமீட்டர் அளவு வேண்டும் என்பது அவர் கணக்கு. அத்தகடோ நுழைய மறுத்தது. ரிங் சூடேறி நீளும்போது முனைகள் முட்டினால், அது வெளிநோக்கிப் பிதுங்கிச் சிலிண்டர்ச் சுவரைக் கீறும், முறிதலும் உண்டு. ஆதலின் மெல்லிய அரத்தால் முனையைத் தேய்ப்பதும் அளப்பதுமாக ஒவ்வொரு ரிங்கையும் அதனதன் சிலிண்டருக்கே இசைவித்தார்.

நான்கு பிஸ்டன்களில் ஒன்று மைக்ரோமீட்டரில் சற்றுப் பருத்திருந்தது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். நூறு பாகை சூடேறினால் அவ்வளவுடைய பிஸ்டன் 0.15 மில்லிமீட்டர் பருக்கும், சிலிண்டரோ 0.08 அளவே விரியும். குளிர்ந்த நிலையில் எளிதாக நுழைவது வெப்பத்தில் இறுகிவிடும். அந்தத் துளையை மீண்டும் தேய்க்கத் திருவொற்றியூரில் உள்ள லேத் பட்டறைக்குச் செல்ல வேண்டும், அன்றோ ஞாயிற்றுக்கிழமை.

சிற்றப்பா நெடுநேரம் வாளா இருந்தார். வாடகையை விட மனமில்லை. எஞ்சினை இழக்கத் துணிவுமில்லை. முடிவில் முன்பணத்தைத் திருப்பித் தந்து, வேறொருவர் வண்டியைத் திருமண வீட்டார்க்கு ஏற்பாடு செய்தார். பத்து நாட்களின்பின் எஞ்சின் ஓசை சீராக எழுந்தது. அவ்வாரத்து இழப்பு எம் இல்லத்தில் உணரப்படாமற் போகவில்லை.

இடைவெளி மிகினும் கேடே. பிஸ்டன் தட்டும், எண்ணெய் எரிந்து நீலப்புகை எழும். குறையாமலும் மிகாமலும் விட்ட வெளியில் எண்ணெய்ப் படலம் நின்று இரும்பையும் அலுமினியத்தையும் உரசாமற் காக்கிறது. தமிழ் பயிலும் எமக்கு இதில் வியப்பில்லை. மணி என்பதனோடு அடித்தான் என்பது புணருங்கால் இரண்டு உயிரும் நேரே ஒட்டுவதில்லை. இடையே யகரம் தோன்றி 'மணியடித்தான்' என இசைவிக்கிறது. அதனை உடம்படுமெய் என்றனர் இலக்கணத்தார். பட்டறையில் அதற்குப் பெயர் எண்ணெய். அது நிற்க இடம் விடுவதே கைத்திறன்.