ஒரு செமஸ்டர் டி.எஸ்.பி.

ஜூலை, முதல் வாரம்
டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் பாடம் மாதிரி எடுப்பதில் தொடங்குகிறது. தொடர்ந்து வரும் ஒலியை நொடிக்கு இத்தனை முறை என அளந்து எண்களாக்குவதே அது. ஒலியிலுள்ள உச்ச அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால், அந்த எண்களிலிருந்தே ஒலியை மீட்டுவிடலாம். 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் இதற்கு அடித்தளமிட்டார். 1949-இல் கிளாட் ஷானன் தேற்றமாக நிறுவினார். தொலைபேசிக்கு 8,000, சி.டி.க்கு 44,100 என்ற வேகங்கள் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை.

ஜூலை, லேப்
8,000 வேகத்தில் 3,000 ஹெர்ட்ஸ் கொசைன் அலையும் 5,000 ஹெர்ட்ஸ் கொசைன் அலையும் அச்சு அசலாக ஒரே எண்களைத் தருகின்றன. ஸ்பீக்கரில் இரண்டுமே 3,000 ஹெர்ட்ஸாகத்தான் கேட்கும். எண்களான பிறகு எந்தச் சூத்திரத்தாலும் பிரிக்க முடியாது. அளப்பதற்கு முன்பே வடிகட்ட வேண்டும். பாடத்தின் உயிர்நாடி இதுதான். வகுப்பில் இதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு.

ஆகஸ்ட்
இசட் உருமாற்றம், கன்வல்யூஷன். கை பழகினால் போதும்.

செப்டம்பர்
எஃப்.எஃப்.டி., அதாவது விரைவு ஃபூரியே உருமாற்றம். 1,024 புள்ளிகளுக்கு நேரடி வழியில் 10,48,576 சிக்கலெண் பெருக்கல்கள். எஃப்.எஃப்.டி.யில் 5,120 போதும். 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட முறை இது. சிறுகோள்களின் பாதையைக் கணிக்க 1805 வாக்கிலேயே காஸ் இதைக் கையாண்டிருந்தது பின்னர்தான் தெரியவந்தது. எட்டுப் புள்ளிக் கணக்கில் உள்ளீடுகளை 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என அடுக்கி, மூன்று கட்டப் பட்டர்ஃபிளை வரைய வேண்டும். முதல் விடை, உள்ளீடுகளின் கூட்டுத்தொகையாக வராவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

அக்டோபர்
வடிகட்டிகள். பின்னூட்டமில்லாத எஃப்.ஐ.ஆர். வடிகட்டியின் வடிவமைப்பில் முடிவிலாத் தொடரைச் சட்டென வெட்டினால் ஓரங்களில் அலைவு எழும். அப்படி வெட்டுவதே செவ்வகச் சாளரம்; அதில் அலைவு சுமார் 21 டெசிபலுக்குக் கீழே இறங்காது, நீளத்தைக் கூட்டினாலும். ஹாமிங் சாளரம் 53 வரை இறக்கும். வெட்டின் கூர்மை மழுங்கும்.

நவம்பர்
கடைசி யூனிட், வழக்கம்போல அவசரத்தில். விடையைப் பின்னூட்டும் ஐ.ஐ.ஆர். வடிகட்டியில் முழுமையாக்கல் பிழை விநோதமாக நடந்துகொள்ளும். உள்ளீடு நின்ற பின் முந்தைய விடையை 0.9-ஆல் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணாக்கிக்கொண்டே போனால் 10, 9, 8, 7, 6, 5 என இறங்கும். ஐந்தின் 0.9 மடங்கு 4.5, முழுமையாக்கினால் மறுபடி 5. சுழியத்துக்கு அது வரவே வராது. எஃப்.ஐ.ஆரில் பின்னூட்டம் இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை.