ஓட்டாத காரும் ஓயாத வாதமும்

புனே அருகே சாக்கனில் உள்ள அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரசியல் பேசுபவர்கள் ஒரு மேஜையிலும் கிரிக்கெட் பேசுபவர்கள் இன்னொரு மேஜையிலும் உட்காருவார்கள். ஜன்னலோர மேஜையில் பேச்சு காரைப் பற்றி மட்டும்தான். அதுவும் அங்கே யாருமே வாங்கப்போகாத கார்.

டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி 2012-ல் வெளியிட்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கூப்பே அது. ஜப்பானில் டொயோட்டா 86, ஐரோப்பாவில் ஜிடி 86, சுபாரு சின்னத்தோடு வந்தால் பிஆர்இசட். இரண்டு கதவுகள், பெயருக்குப் பின் சீட், முன்னால் 2 லிட்டர் என்ஜின், அது சுழற்றுவதோ பின் சக்கரங்களை. சக்தி 200 குதிரை. இந்தியாவில் அது விற்பனைக்கு வரவே இல்லை. அதனாலென்ன? வாதத்துக்குச் சுங்க வரி கிடையாதே.

மேஜையில் இரண்டு கட்சிகள். ஒன்றின் தலைவர் பிரேக் பாகங்கள் பிரிவின் பொறியாளர். அப்போது வயது முப்பத்தைந்துக்குள். குதிரைசக்தியில் நம்பிக்கை உள்ளவர். "நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 7.6 விநாடி. நல்ல ஜெர்மன் டீசல் செடானே நேர் ரோட்டில் இதைப் பிடித்துவிடும். இதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயரா?" என்பார். என்ஜின் 3,500 சுற்றைத் தாண்டியதும் இழுவிசை சற்றுத் தொய்ந்து, 4,500-க்கு மேல்தான் மீண்டும் எழும் என்பது அவருடைய இரண்டாவது அஸ்திரம். உலகம் முழுவதும் இந்தக் காரைக் குறை சொன்னவர்கள் எல்லோரும் எடுத்த அஸ்திரம்தான் அது.

எதிர்க்கட்சி, தர ஆய்வுப் பிரிவில் இருந்த மூத்தவர். "வேகத்தைப் பார்க்காதே, வளைவைப் பார்" என்பது அவர் பல்லவி. சுபாருவின் என்ஜினில் பிஸ்டன்கள் நிமிர்ந்து நிற்காமல் இரு பக்கமும் படுத்திருப்பதால் வண்டியின் கனம் தரையோடு தரையாக இருக்கிறது. மொத்த எடை 1,250 கிலோவைச் சுற்றித்தான். டயரின் அகலம் வெறும் 215 மில்லிமீட்டர். பிரியஸ் ஹைபிரிட் காருக்குப் போடும் அதே ரக டயர். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா இதை வேண்டுமென்றே செய்தார். பிடிப்பு அளவாக இருந்தால்தான், சாதாரண வேகத்திலேயே வண்டி என்ன செய்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு.

"பிரியஸ் டயரைப் போட்டுவிட்டு அதையும் பெருமையாகச் சொல்கிறார்கள்" என்று பொறியாளர் சிரிப்பார். மூத்தவர், 1986-ல் வந்த பிஎம்டபிள்யூவின் முதல் எம்3-ஐ இழுப்பார். கார் பிரியர்கள் இன்றும் கும்பிடும் அந்த வண்டிக்கும் 200 குதிரைதான், எடையும் சுமார் 1,200 கிலோதான். "அதைக் கும்பிடுகிறாய், இதைத் திட்டுகிறாய்." மணி அடிக்கும். இருவரும் கை கழுவப் போவார்கள். இரண்டு காரையும் இருவரும் தொட்டதுகூட இல்லை.

2014 இலையுதிர் காலத்தில் நிறுவனம் பொறியாளரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானின் குன்மா மாகாணத்துக்கு அனுப்பியது. அந்த 86 தயாராகும் சுபாரு தொழிற்சாலை அதே மாகாணத்தின் ஓட்டா நகரில் இருக்கிறது. 1995-ல் தொடங்கிய 'இனிஷியல் டி' காமிக்ஸ் கதையில், டோஃபு கொண்டுபோகும் பையன் பழைய டொயோட்டாவில் பறந்து இறங்கும் மலைக்கு மாதிரியான ஹருணாவும் அங்கேதான். 1983-ல் வந்த அந்தப் பழைய காரின் குறியீடு ஏஇ86. புதிய காருக்குப் பெயர் கிடைத்தது அதிலிருந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வதேச ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி ஒரு 86-ஐ வாடகைக்கு எடுத்தார். அங்கும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது தைரியம் கொடுத்தது. இகாஹோ வெந்நீர் ஊற்று ஊரைத் தாண்டியதும் சாலை ஹருணா ஏரியை நோக்கி ஏறத் தொடங்கியது. இருபுறமும் சிவந்த மேப்பிள் இலைகள். மூன்றாவது கியரில் மிதித்தார். அவர் சொல்லிவந்த தொய்வு சொன்ன இடத்தில் அப்படியே இருந்தது. 'நான் சொன்னது சரி' என்ற திருப்தி இரண்டு வளைவுகள் வரைதான் நீடித்தது.

பின்கண்ணாடியில் ஒரு வெள்ளை வண்டி தெரிந்தது. 660 சிசி என்ஜின் கொண்ட குட்டி லாரி. முதுகில் முள்ளங்கிக் கட்டுகள். ஓட்டுபவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். நேர் பாதையில் அது பின்தங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. பொறியாளர் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தி, ஸ்டியரிங்கைத் திருத்தி, மறுபடி மிதித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வளைவில் ஓரம் கட்டி வழிவிட்டார். அந்த அம்மாள் தலையைச் சற்றுத் தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு, பிரேக் விளக்கை வளைவுக்கு முன்பே ஒருமுறை எரியவிட்டு, ஒரே கோடாகத் திரும்பி மறைந்தார். கட்டிலிருந்து ஒரு முள்ளங்கி அசையவில்லை.

பிரேக் செய்வது தன் தொழில். பிரேக் போடத் தெரிந்தவர் முள்ளங்கி கொண்டுபோகிறார். அந்த நினைப்பு கொஞ்ச நேரம் உறுத்தியது.

மிச்ச மலையை அவர் வேறு மாதிரி ஏறினார். வேக வரம்புக்குள்ளேயே, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, காலை மெல்ல எடுத்துத் திருப்பினார். இப்போது வண்டி பேச ஆரம்பித்தது. முன் டயர்கள் எவ்வளவு தாங்குகின்றன என்று ஸ்டியரிங்கும், பின் டயர்கள் எப்போது அழுத்தம் வாங்குகின்றன என்று தாழ்வான இருக்கையும் சொல்லின. ஐநூறு குதிரை வண்டி அதே பாதையில் தூங்கிக்கொண்டே போயிருக்கும். டாடாவின் கணக்கு மெதுவாகப் புரிந்தது. புரியாத விஷயமும் உண்டு. அந்தக் கார் வழுக்கும் அழகைப் பற்றி ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் அவரால் சோதிக்க முடியவில்லை. பொதுச்சாலை அதற்கான இடமும் இல்லை.

ஊர் திரும்பி முள்ளங்கிக் கதையைச் சொன்னபோது மூத்தவர் வெற்றிச் சிரிப்பு சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படி ஒரு காலை கிடைத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

2021-ல் ஜிஆர் 86 என்ற பெயரில் புதிய மாடல் வந்தது. என்ஜின் 2.4 லிட்டர், 235 குதிரை. உச்ச இழுவிசை 3,700 சுற்றில், அதாவது பழைய தொய்வு இருந்த அதே இடத்தில். நூறைத் தொட 6.3 விநாடி. எடை பெரிதாக ஏறவில்லை. குறை சொன்னவர்களும் புகழ்ந்தவர்களும் ஒருசேரக் கை தட்டினார்கள். குறை சொன்னதும் வீண் அல்ல என்று ஆயிற்று. ஆனால் புதிய பாதுகாப்பு விதிகளால் ஐரோப்பாவில் அந்தக் காரின் விற்பனை 2024-ல் முடிந்தது. இன்றைய எம்4 கூப்பே ஒன்றின் எடை 1,700 கிலோவுக்கு மேல், சக்தி 500 குதிரைக்கு மேல். இலேசான வண்டிகளின் வரிசை குறுகிக்கொண்டே போகிறது.

வாதம் வீட்டுக்குள் வந்தது 2023-ல். பொறியியல் கல்லூரி மாணவனான மகன், வீட்டு ஹேட்ச்பேக்கின் என்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி சக்தியைக் கூட்டப் பணம் கேட்டான். "நீங்கள்தானே அப்பா, 200 போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?" மறுக்க முடியாத சாட்சியம்.

"தருகிறேன். முதலில் டயர் ஓரத்தில் இருக்கிற நாலு எண்ணைப் படித்துச் சொல்" என்றார். மகன் குனிந்து படித்தான்: 2317. 2017-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஆறு வருடத்தில் ரப்பர் இறுகியிருந்தது. அவர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார். வேகம் 60-லிருந்து 80 ஆனால் வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. அத்தனையும் தரைக்குப் போகும் வழி, உள்ளங்கை அளவு ரப்பர் நான்கு. திருப்பவும் அதே ரப்பர், நிறுத்தவும் அதே ரப்பர். மகன் வெகுநேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பணம் டயருக்கும் பிரேக்குக்கும் போயிற்று. அடுத்த ஞாயிறு மகன் ஓட்ட, இருவரும் வாய் வழியாகப் பஞ்ச்கனிக்குக் கிளம்பினார்கள். பசர்ணி காட் வளைவுகளில் முன்னால் ஒரு சிவப்பு அரசு பஸ், முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. முந்த இடம் இல்லை. மகன் ஹாரனில் கை வைக்கவில்லை. வளைவுக்கு முன்பே பிரேக், இரண்டாவது கியர், மெல்லத் திருப்பம், பிறகு மிதி. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் உருளவில்லை.