ராகி மூட்டை படுத்த அறை

டிசம்பர் 18

அம்மா படுக்கையை அடுப்படிக்கு மாற்றிக்கொண்டாள். மார்கழி பிறந்தால் வழக்கம்தான். இந்த வருஷம் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டதால் விடிந்த பிறகும் எழுந்து வருவதில்லை. கூடத்து வெப்பமானி காலை ஆறு மணிக்கு 15 டிகிரி காட்டியது. சென்னையிலிருக்கும் தம்பி போனில் சிரிக்கிறான். அவனுக்கென்ன, ஏசியைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறவன். இங்கே ஓசூரை அடுத்த மத்திகிரியில் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் சுமார். தளிப் பக்கத்தை வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்றது சும்மா இல்லை. போதாக்குறைக்கு மாட்டுப்பண்ணை வெட்டவெளி வேறு. 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை அது. அந்தப் பக்கமிருந்து வருகிற காற்றுக்கு எங்கள் நாட்டு ஓட்டுக் கூரை ஒரு பொருட்டே இல்லை.

இந்தத் தடவை ஏதாவது செய்தாக வேண்டும்.

டிசம்பர் 20

ஓசூரில் ஹீட்டர் பார்த்தேன். எண்ணெய் நிரப்பியது, சக்கரம் வைத்தது, 2000 வாட். சத்தம் கிடையாது, கண்ணைக் கூசும் சிவப்பு வெளிச்சமும் கிடையாது. அறை சூடானதும் தானே அணைந்துவிடும் என்றார் கடைக்காரர். கான்கிரீட் வீட்டில் அணையும். சூடான காற்று மேலேதான் போகும். எங்கள் கூடத்தில் மேலே இருப்பது ஓட்டிடுக்கு, அதைத் தாண்டினால் ஆகாயம். ராத்திரி எட்டு மணி நேரம் ஓய்வில்லாமல் ஓடினால் 16 யூனிட். இரண்டு மாதத்துக்கு 960. பில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் இடையிலிருக்கும் மலிவு விலைப் படியும் போய்விடும்.

சாயந்திரம் எலக்ட்ரீசியன் வந்தார். பிளக் பாயிண்டைக் கழற்றி மூக்குக்கு நேரே காட்டினார். உள்ளே பித்தளை கறுத்து, ஒயரின் துணி உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. “2000 வாட்டுன்னா ஒன்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும்ண்ணா. இது அஞ்சு ஆம்பியர் பிளக்கு. உருகிடும்.” எர்த்தும் இல்லையாம். ஹீட்டர் விலையைவிட ஒயரிங் செலவு அதிகமாகும் போலிருக்கிறது.

டிசம்பர் 23

பக்கத்து வீட்டுப் பெண் இங்கே மத்திகிரி கோழியினக் கல்லூரியில் படிக்கிறாள். அவரைக்காய் உரிக்க வந்து உட்கார்ந்தவளிடம், குஞ்சுகளைக் குளிரில் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். பிறந்த வாரம் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வருவார்களாம். “ஷெட்டு முழுக்க யாரு மாமா சூடாக்குவாங்க? சுத்தித் தகடு வெச்சு, குஞ்சு இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் பல்பு.” குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை; தகட்டோரம் ஒதுங்கினால் சூடு கூடிவிட்டது. வெப்பமானி பார்க்கிறவர்களும் கடைசியில் குஞ்சுகளைத்தான் நம்புகிறார்களாம்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் இதே கணக்குத்தான். நான்தான் கூடம் முழுவதையும் சூடாக்கக் கிளம்பியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் உள்ளறைக்கு மட்டும் மரப்பலகை மச்சு உண்டு. ஒன்றரை அடி மண் சுவர், ஒரே ஒரு சின்ன ஜன்னல். வெப்பமானியை ராத்திரி அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 24

உள்ளறையில் காலை 19. கூடத்தைவிட நான்கு டிகிரி கூடுதல், பைசா செலவில்லாமல். இத்தனை வருஷமும் அங்கே ராகி மூட்டைதான் படுத்திருந்தது.

பெரியப்பா வந்தவர், அந்த அறையில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்தினால் ஜம்மென்று இருக்கும் என்றார். அவர் காலத்தில் பண்ணியதுதான், ஆனால் ஓட்டுக்கடியில். ஓட்டிடுக்கு குளிரை உள்ளே விட்டது போலவே கரிப்புகையை வெளியே விட்டது. மச்சு போட்டு ஜன்னலும் சாத்திய அறையில் தணல் கனன்றால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். வாடை இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவருக்கு விழிப்பே வராது. காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் கீசர் வைப்பதிலும் இதே ஆபத்து. பெரியப்பாவிடம் சரி சரி என்றேன். கரி மூட்டையைத் தூக்கிக் கொட்டகையில் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 28

மிச்சமிருப்பது வெந்நீர். புழக்கடைக் குளியலறையில் அடுப்போடு சேர்த்துப் பதித்த செம்பு அண்டா இருக்கிறது. தென்னை மட்டையும் தைல மரச் சுள்ளியும் தின்னும். குனிந்து ஊதித் தீமூட்ட அம்மாவால் இனி முடியாது.

100 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 45-க்கு ஏற்ற மூன்று யூனிட் சொச்சம் மின்சாரம் வேண்டும். காஸ் என்றால் 300 கிராம் சுமார், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். சோலார் போட்டுவிட்டால் வெயிலுக்குக் காசு கிடையாது, ஆனால் நிபந்தனைகள் உண்டு. தொட்டியும் தண்ணீருமாக நூறு கிலோவுக்கு மேல். ஓட்டுக் கூரை தாங்காது, குளியலறைத் தளம் தாங்கும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தட்டைப் பலகை வகையின் மெல்லிய செம்புக் குழாய்களை உப்பு அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய் வகை கொஞ்சம் பொறுக்கும், கழற்றிக் கழுவவும் வழியுண்டு. தெற்குப் பார்த்து வைக்க வேண்டும். நம் அட்சரேகை 12.7, மார்கழி வெயில் தாழ்வாக வருவதால் அதைவிட நன்றாகவே சாய்த்து வைத்தால்தான் நமக்கு வேண்டிய மாதத்தில் சூடு கிடைக்கும். சோலாருக்காக வந்து அளந்த பையன் இதைச் சொல்லவில்லை, கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

மேகம் மூடி, பனியும் விலகாத நாளில்? அன்றைக்கு அண்டா. நான் மூட்டுகிறேன்.

ஜனவரி 3

ராகி மூட்டைகள் கூடத்துக்கு வந்தாயிற்று, எலி வராமல் பலகை மேல். அம்மாவின் கட்டில் உள்ளறையில். முழங்காலுக்கு ரப்பர் வெந்நீர்ப் பை, துணி சுற்றி. 2000 வாட் ஹீட்டர் வேண்டாம்; ஒயரிங் மட்டும் எப்படியும் மாற்றத்தான் வேண்டும், எர்த்தோடு. சோலாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மேலேயுள்ள தண்ணீர்த் தொட்டி சோலாருக்கு மேலே இருந்தால்தான் தண்ணீர் இறங்கும். எங்களுடையது மூன்றடி தாழ்வு. மேஸ்திரி பொங்கல் கழித்துத்தான் வருவாராம். அதற்குள் குளிரே போய்விடும், காசை ஏன் கொடுத்தாய் என்கிறாள் அம்மா.