வடக்கே அடுத்த ஊர்

கோட்டக்குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலுக்கு இறங்கும் சந்து. துணி காயும் கயிறு, சைக்கிள், ஐஸ் பெட்டி. சந்து முடிகிற இடத்தில் மணல் இல்லை. கருங்கல்.

கற்களின் விளிம்பில் குவாரியில் துளை போட்ட தடம் நேராக இறங்குகிறது. இடுக்கில் நைலான் வலைத் துண்டு, ஒற்றைச் செருப்பு, மூடி போட்ட தண்ணீர் பாட்டில். அலை இடுக்கில் புகுகிறது. பாட்டில் எழுகிறது, அமர்கிறது. அடுத்த அலை. பாட்டில் எழுகிறது.

கல்லை ஒட்டி ஒரு வீடு. மூன்று சுவர்தான். நீலச் சுண்ணாம்பு, ஸ்விட்ச் போர்டு, காலண்டர் ஆணி. நாலாவது சுவர் இருந்த பக்கம் கடல் தெரிகிறது. தெருப் பக்கத்து வாசலில் இன்று காலை போட்ட கோலம்.

ஃபைபர் படகுகள் தெருவில் நிற்கின்றன. பெரியவர் ஒருவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி ஊசியால் கிழிசல் தைக்கிறார்.

"கரைவலை எங்க தாத்தா இழுப்பீங்க?"

தாடையால் காட்டுகிறார். அலை உடைகிற இடம். கேட்ட பையன் அங்கே பார்க்கிறான். பெரியவர் ஊசியைப் பார்க்கிறார்.

தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், புதுச்சேரி துறைமுகம். 1980களின் முடிவில் எழுந்த இரண்டு அலைதடுப்புச் சுவர்கள். ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிற கடல் இது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது; வடக்கே கரை கரைந்தது. நகரம் கல் கொட்டியது. கல் முடிந்த இடத்தில் அரிப்பு ஆரம்பித்தது. அங்கேயும் கல். சோலை நகர், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். தெற்கிலிருந்து வாசித்தால் அரிப்பு போன வழி.

சின்னமுதலியார்சாவடியில் தூண்டில் வளைவு. கடலுக்குள் நீட்டிய கல் கை. தென்பக்கம் கொஞ்சம் மணல், இரண்டு படகு, ஸ்டம்புக்குப் பதில் துடுப்பு நட்டுக் கிரிக்கெட். வடபக்கம் தென்னையின் வேர் வெளியே தொங்குகிறது. பந்து அந்தப் பக்கம் போனால் யாரும் எடுக்கப் போவதில்லை. புதுப் பந்து வருகிறது.

திங்கட்கிழமை. கோட்டக்குப்பம் தொடங்கி பொம்மையார்பாளையம் வரை விழுப்புரம் மாவட்டம்; அதன் கலெக்டர் அலுவலகம், குறைதீர்க்கும் நாள். பிளாஸ்டிக் கவருக்குள் மனு. மேலே 'வானூர் வட்டம்'. நாலு பெண்கள் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். டோக்கன் நம்பரைச் சேலை முந்தானையில் முடிந்திருக்கிறாள் ஒருத்தி. செல்போனில் கரையின் படம் கைமாறுகிறது. "இது போன வருசத்துது. அந்தத் தென்ன இப்ப இல்ல." மனுவில் சீல் விழுகிறது. இரண்டு நகல். ஒன்று கவருக்குள் திரும்புகிறது.

டீக்கடையில் இன்னொரு பேச்சு. பழைய கல் உள்வாங்கிவிட்டது, மேலே கல் போட வேண்டும் என்கிறார் ஒருவர். கல் போட்டால் படகை எங்கே ஏற்றுவது என்கிறார் மற்றவர். இருவரும் டீ குடிக்கிறார்கள்.

பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே பிள்ளைச்சாவடி. அது புதுச்சேரி நிர்வாகம். வேறு கலெக்டர், வேறு மனு. அந்த ஊர் மீனவர்கள் சாலையை மறித்துக் கேட்டதும் தூண்டில் வளைவுதான்.